ஒன்பதாம் நாள் இருமல்: ஒரே வீட்டில் மூன்று பேர், ஒரு பழைய மருந்துச் சீட்டு

ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று பேர், மூன்று வாரத்துக்குள், சளி இருமல் என்று என்னிடம் வந்தார்கள். 42 வயது ஆசிரியர், அவருடைய 6 வயது மகன், 71 வயதான அவருடைய அம்மா. மூவரில் ஒருவருக்கு மட்டும்தான் ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டது, அந்த ஒருவருக்கோ அது அன்றைக்கே, உடனே தேவைப்பட்டது. அபூர்வமான நோய் எதுவும் இதில் இல்லை. குடும்ப மருத்துவராக இருக்கிற எவரும் வாரத்தில் பலமுறை பார்க்கிற விஷயங்கள்தான். அதனால்தான் எழுதுகிறேன், ஏனென்றால் ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் நாங்கள் அதிகம் தப்பு செய்கிற இடமே இந்தத் தினசரி இருமல்தான். அடையாளம் தெரிகிற விவரங்களை எடுத்துவிட்டேன். மருத்துவம் சம்பந்தப்பட்டதை, என் தப்பு உட்பட, அப்படியே வைத்திருக்கிறேன்.

முதலில் வந்தவர் அந்த ஆசிரியர். இருமல் தொடங்கி ஒன்பதாம் நாள். முதல் இரண்டு நாள் தொண்டைக் கரகரப்பு, மூக்கொழுகல், லேசான காய்ச்சல், அப்புறம் அதெல்லாம் அடங்கி இருமல் மட்டும் தங்கிவிட்டது. ராத்திரி படுத்தால் அதிகம். சளி முதலில் வெள்ளையாக வந்தது, இப்போது பச்சை. புகைப்பழக்கம் இல்லை, ஆஸ்துமா இல்லை, வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. நாள் முழுக்க வகுப்பில் பேசியாக வேண்டிய வேலை. உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "போன வருஷம் கொடுத்தீங்களே, அந்த மூணு நாள் மாத்திரை, அதையே எழுதிடுங்க டாக்டர். அது டக்குன்னு கேட்டுச்சு."

கோப்பைப் புரட்டினேன். போன வருஷத்துப் பதிவு, என் கையெழுத்து: 'இருமல் 8 நாள். மஞ்சள் சளி. அசித்ரோமைசின் 500 மி.கி., தினம் 1, 3 நாள்.' அவ்வளவுதான். காய்ச்சல் எவ்வளவு என்று இல்லை, மூச்சு வீதம் இல்லை, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தேனா என்றுகூட அந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது. வைத்திருப்பேன், வைக்காமல் விட மாட்டேன், ஆனால் வைத்து என்ன கேட்டேன் என்று எழுதவில்லை. டோக்கன் எண்ணைப் பார்த்தால் அன்றைய மாலையில் கடைசிக்கு முந்தைய ஆள். அமெரிக்காவில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், மூச்சுப்பாதைத் தொற்றோடு வருகிறவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதுவது காலைப் பணியிலும் சரி, பிற்பகல் பணியிலும் சரி, மணி ஏற ஏறக் கூடிக்கொண்டே போனது தெரியவந்தது. நோயாளிகள் மாறவில்லை, மருத்துவர் களைத்துப்போகிறார். அந்த ஆய்வைப் படித்தபோது தலையாட்டினேன். இந்தப் பதிவைப் பார்த்தபோதுதான் அது என்னைப் பற்றியது என்று உறைத்தது.

போன வருஷம் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திடீர் மூச்சுக்குழாய் அழற்சியில், அதாவது சளிக் காய்ச்சலுக்குப் பின்னால் தங்கிப்போகிற அந்த இருமலில், பத்தில் ஒன்பதுக்கும் மேல் வைரஸால் வருவது. அந்த இருமல் சராசரியாக 18 நாள் நீடிக்கும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013-ல் கணக்கிட்டார்கள். அதே ஆய்வில் மக்களிடம் எத்தனை நாள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள் எனக் கேட்டபோது, ஏழு முதல் ஒன்பது நாள் என்றார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற பத்து நாள் இடைவெளியில்தான் எங்கள் சீட்டுகளில் பெரும்பாலானவை எழுதப்படுகின்றன. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'இன்னும் போகலையே' என்று எட்டாம் ஒன்பதாம் நாள் வருகிறார்கள், நாங்கள் மாத்திரை கொடுக்கிறோம், அதற்கடுத்த வாரம் இருமல் தானாக அடங்குகிற வாரம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் விழுந்ததைப் பார்த்தவருக்கு அது காக்கையின் பலம் என்றுதான் படும். அவர் மேல் தப்பே இல்லை. அவருக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது நான்.

இன்னொன்றையும் கேட்டேன். அந்த மாத்திரை சாப்பிட்டபோது வயிறு எப்படி இருந்தது? கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம், மூன்று நாலு நாள் பேதி போனது, ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டேன் என்றார். அதை மாத்திரையோடு அவர் சேர்த்துப் பார்க்கவே இல்லை. இருமல் போனது மாத்திரை கணக்கில் சேர்ந்தது, பேதி வந்தது சேரவில்லை.

சரி, இந்த முறை. கை சீட்டுப் பக்கம் போனது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டுவிட்டார், கொடுத்துவிட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், வெளியே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டேன்: "இந்த இருமல்ல உங்களுக்கு எது ரொம்பக் கவலையா இருக்கு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் சாதாரண இருமலாகத் தொடங்கியதாம், சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்களாம், பத்தே நாளில் போய்விட்டாராம். "பச்சையா வந்தாலே எனக்கு அதுதான் ஞாபகம் வருது டாக்டர்." அதோடு அடுத்த வாரம் முழுக்கத் தேர்வுப் பணி, இருமிக்கொண்டு அறையில் நிற்க முடியாது. ஆக அவர் மாத்திரை கேட்டு வரவில்லை, இது அப்பாவுக்கு வந்த மாதிரியா இல்லையா என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறார். போன வருஷமும் அதற்குத்தான் வந்திருப்பார். நான்தான் கேட்கவில்லை.

இதைப் பற்றி 1999-ல் வெளியான ஓர் ஆய்வு என் மனசில் அப்படியே நின்றுவிட்டது. குழந்தைகளைக் கூட்டிவந்த பெற்றோர்களிடம் ஆன்டிபயாட்டிக் எதிர்பார்க்கிறீர்களா என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டார்கள், மருத்துவரிடம் இந்தப் பெற்றோர் எதிர்பார்க்கிறார் என்று நினைத்தீர்களா என்று பின்னால் கேட்டார்கள். வைரஸ் தொற்று என்று தாங்களே முடிவு செய்த குழந்தைகளுக்குக்கூட, பெற்றோர் எதிர்பார்க்கிறார் என்று மருத்துவர் நினைத்தபோது 62 சதவீதம் பேருக்கு எழுதினார்கள், அப்படி நினைக்காதபோது 7 சதவீதம். பெற்றோர் உண்மையில் எதிர்பார்த்தார்களா இல்லையா என்பது சீட்டை மாற்றவே இல்லை. எழுத வைத்தது மருத்துவரின் ஊகம். 'நோயாளிகள் விட மாட்டேன் என்கிறார்கள்' என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வதில் எவ்வளவு எங்களுடைய கற்பனை என்று அதைப் படித்த பிறகு கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

பரிசோதனையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். இது நான் பின்னால் கற்றுக்கொண்ட பழக்கம், மௌனமாக நெஞ்சைத் தட்டிவிட்டு 'வைரஸ்தான், போய்ட்டு வாங்க' என்றால் யாருக்கும் நம்பிக்கை வராது. காய்ச்சல் 37.4 டிகிரி செல்சியஸ், பெரிதாக ஒன்றும் இல்லை. நாடி 84. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணினேன், கடிகாரத்தை அவருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு: 16. "பாருங்க, நெஞ்சுல நிமோனியா இருந்தா உடம்பு முதல்ல மூச்சைத்தான் வேகப்படுத்தும். உங்களுக்கு 16, இது சரியா இருக்கு. 24-க்கு மேல போனா நான் கவலைப்படுவேன், 30 தொட்டா உடனே ஆஸ்பத்திரி." ரத்தத்தில் ஆக்சிஜன் 98 சதவீதம். முதுகுப் பக்கம் இரண்டு புறமும் மேலிருந்து கீழே வரை கேட்டேன், அங்கங்கே லேசான கரகரப்பு, ஒரு முறை இருமச் சொன்னதும் அது இடம் மாறியது. ஒரே இடத்தில் நிலையாகக் கேட்கிற நொறுநொறுப்பு எங்கும் இல்லை. அந்த நொறுநொறுப்பு ஒரு பக்கம் மட்டும் கேட்டிருந்தால் இந்தக் கதையே வேறு.

பச்சைச் சளிக்கு வந்தேன். அந்தப் பச்சை கிருமியின் நிறமில்லை. உடம்பின் வெள்ளணுக்களில் பச்சை நிறம் கொண்ட ஒரு நொதி இருக்கிறது, வெள்ளணுக்கள் சண்டைக்கு வந்து செத்து விழும்போது அந்த நிறம்தான் சளியில் தெரிகிறது. வைரஸ் வந்தாலும் வெள்ளணு வரும், பாக்டீரியா வந்தாலும் வரும். நிறத்தை மட்டும் பார்த்து எதையும் பிரிக்க முடியாது. இதை அவருக்கு இரண்டு வரியில் சொன்னேன், முகம் கொஞ்சம் தளர்ந்தது.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டுகிற சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவைப் பார்த்தேன், அது சில நிமிடத்தில் வந்துவிடும். 14 வந்தது. சிகிச்சை வழிகாட்டல்கள் தருகிற இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2014-ல் கொடுத்த நிமோனியா வழிகாட்டலின்படி, லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டாம், 100-க்கு மேல் போனால் கொடு, நடுவில் இருந்தால் காத்திருந்து பார்க்கச் சொல்லிச் சீட்டு கொடு. எல்லா இருமலுக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கருவி இல்லாத மருத்துவரும் மூச்சை எண்ணி, நெஞ்சை ஒழுங்காகக் கேட்டாலே பெரும்பாலும் இதே முடிவுக்குத்தான் வருவார். எனக்கு அன்று அது தேவைப்பட்டது, ஏனென்றால் அவருடைய பயம் ஓர் எண்ணைப் பிடித்துக்கொள்ள விரும்பியது. ஐரோப்பாவில் ஆறு நாடுகளில் குடும்ப மருத்துவர்களுக்கு இணையம் வழியாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வில், சி.ஆர்.பி. பயிற்சி பெற்றவர்கள் 33 சதவீதம் பேருக்கும் பெறாதவர்கள் 48 சதவீதம் பேருக்கும் ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்ற பயிற்சி மட்டும் ஏறக்குறைய அதே அளவுக்கு வேலை செய்தது, பெற்றவர்கள் 36 சதவீதம், பெறாதவர்கள் 45. கருவிக்குச் சமமாகப் பேச்சும் நின்றது என்பதுதான் எனக்கு இதில் முக்கியம்.

மாத்திரை கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். 12 ஐரோப்பிய நாடுகளில், நிமோனியா சந்தேகம் இல்லாத இருமல்காரர்கள் 2,061 பேருக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் அல்லது மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், 2013-ல் முடிவு வந்தது. நோய் மோசமாவதை ஒருவருக்குத் தடுக்க 30 பேருக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது, 21 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் குமட்டலோ தடிப்போ பேதியோ கூடுதலாக வந்தது. தொந்தரவு நீடித்த நாட்களில் பெரிய வித்தியாசம் இல்லை. எண்களை அடுக்கிக் குழப்பாமல் அவரிடம் சொன்னது இதுதான்: இருமல் குறைவது அரை நாள் முன்னே பின்னே, வயிறு கெடுவதற்கு வாய்ப்பு அதைவிட அதிகம், போன தடவை உங்களுக்கே கெட்டது.

அசித்ரோமைசினைக் குறிப்பாக ஏன் தவிர்த்தேன் என்று சக மருத்துவர்களுக்காகச் சொல்ல வேண்டும். மூன்று நாள் மாத்திரை என்பதுதான் அதன் கவர்ச்சி, அதுவேதான் அதன் ஆபத்தும். அது உடம்பைவிட்டு மெதுவாக வெளியேறுகிற மருந்து, பாதி வெளியேறவே மூன்று நாள் அளவுக்கு ஆகும், கிருமியைக் கொல்ல முடியாத அளவில் ரொம்ப நாள் திசுக்களில் தங்கிக்கொண்டு, தாக்குப்பிடிக்கிற கிருமிகளுக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது. 2007-ல் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு அசித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் கொடுத்துத் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தபோது, அந்த மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் கூடியதும், அந்த மாற்றம் 180 நாளுக்குப் பிறகும் மறையாமல் இருந்ததும் தெரிந்தது. ஒரே ஒரு சுற்று மாத்திரை, அரை வருஷம். உலக சுகாதார அமைப்பு 2017-ல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று கூடைகளாகப் பிரித்தபோது அமாக்சிசிலினும் டாக்சிசைக்ளினும் முதலில் கையில் எடுக்க வேண்டியவற்றில் சேர்ந்தன, அசித்ரோமைசின் கண்காணிப்போடு மட்டும் தர வேண்டியவற்றில் சேர்ந்தது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கிற சாத்தியம் வேறு. இவ்வளவு இருக்கிற மருந்தை ஒரு களைத்த மாலையில் ஒரு வரியில் எழுதிவிட்டேன்.

கடைசியில் செய்தது இது. இருமல் இன்னும் ஒன்பது பத்து நாள் இருக்கலாம், மூன்று வாரம் வரை போனால்கூட ஆச்சரியமில்லை என்று நாள் கணக்கைத் தெளிவாகச் சொன்னேன், தாளில் எழுதியும் கொடுத்தேன். அதே தாளில்: மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், அடங்கிய காய்ச்சல் திரும்பி ஏறுவது, மூச்சிழுத்தால் ஒரு பக்கம் குத்துவது, சளியில் ரத்தம், குழப்பம், இதில் ஏதாவது ஒன்று என்றால் நேரம் காலம் பார்க்காமல் வர வேண்டும். மூன்று வாரம் தாண்டினாலும் வர வேண்டும், காசநோய் அதிகமிருக்கிற இடங்களில் இரண்டு வாரத்திலேயே சளியைச் சோதிக்க வேண்டும். அப்புறம் டாக்சிசைக்ளினுக்கு ஒரு சீட்டும் எழுதி, ஐந்து நாள் கழித்தும் முன்னைவிட மோசமானால் மட்டும் வாங்குங்கள், அதற்கு முன் எனக்கு ஒரு ஃபோன் செய்யுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன்.

இந்தத் தள்ளிவைத்த சீட்டு சரியா? எனக்குள் இன்னும் முழு நிம்மதி இல்லை. ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வில், உடனே சாப்பிடச் சொன்னவர்களில் 93 சதவீதம் பேரும், தள்ளிவைத்த சீட்டு பெற்றவர்களில் 31 சதவீதம் பேரும், சீட்டே பெறாதவர்களில் 14 சதவீதம் பேரும் ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டார்கள். 93-ஐ 31 ஆக்குவது பெரிய காரியம், ஆனால் 14-க்கும் 31-க்கும் நடுவில் இருப்பவர்கள் வெறுமனே அனுப்பியிருந்தாலே மாத்திரையிலிருந்து தப்பியிருப்பார்கள். மூச்சு 16, சி.ஆர்.பி. 14 இருக்கிற ஆளுக்கு வழிகாட்டலின்படி எந்தச் சீட்டும் தேவையில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தச் சீட்டு அவரைவிட எனக்குத்தான் அதிகம் தேவைப்பட்டிருக்கிறது, 'ஒருவேளை' என்கிற என் பயத்துக்கு. இன்று அவர் வந்தால் எழுத மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அந்தப் பயத்தைக் கொஞ்சம் நேராகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் ஆன்டிபயாட்டிக் எழுதுகிற மருத்துவர் எவரும் அறியாமையால் எழுதுவதில்லை, தவறவிட்டுவிடுவோமோ என்றுதான் எழுதுகிறார். இங்கிலாந்தில் 2016-ல் நூற்றுக்கணக்கான குடும்ப மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்துப் பார்த்தார்கள். குறைவாக எழுதுகிற இடங்களில் மூளைக்காய்ச்சலோ, காதுக்குப் பின்னால் எலும்பில் பரவும் தொற்றோ, நெஞ்சில் சீழ் கட்டுவதோ கூடவில்லை. நிமோனியாவும் தொண்டையில் டான்சில் பக்கம் சீழ் கட்டுவதும் மட்டும் சற்றுக் கூடின. 7,000 பேரைப் பார்க்கிற ஒரு மருத்துவமனை ஆன்டிபயாட்டிக்கைப் பத்து சதவீதம் குறைத்தால் வருஷத்துக்கு ஒரு நிமோனியா கூடலாம், தொண்டைச் சீழ் பத்து வருஷத்துக்கு ஒன்று. அந்த ஒரு நிமோனியா சும்மா விடக்கூடிய விஷயமில்லை. அதைப் பிடிக்க எல்லாருக்கும் மாத்திரை கொடுப்பதைவிட, எப்போது திரும்பி வர வேண்டும் என்று எல்லாருக்கும் புரியும்படி சொல்லி அனுப்புவதுதான் வழி என்று நான் நம்புகிறேன். இந்த வீட்டில் அதுதான் நடந்தது.

ஐந்து நாள் கழித்துப் பையனைக் கூட்டிவந்தார். முந்தின ராத்திரியிலிருந்து வலது காது வலி, மூன்று நாளாகச் சளி, காய்ச்சல் 38.2. காதுக்குள் பார்த்தால் செவிப்பறை சிவந்து வெளியே புடைத்திருந்தது, நடுக்காது அழற்சிதான், சந்தேகமில்லை. இரண்டு வயதுக்கு மேல், ஒரு காது மட்டும், சீழ் வடியவில்லை, பையன் தெம்பாக இருக்கிறான், என் டார்ச்சைப் பிடுங்கப் பார்க்கிறான். இந்த நிலையில் எது கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் 60 சதவீதம் குழந்தைகளுக்கு ஒரே நாளில் வலி போய்விடும். இரண்டு வயதுக்குக் கீழே இரண்டு காதிலும் இருந்தாலோ, காது வடிந்தாலோ உடனே ஆரம்பித்திருப்பேன். "கண்ணா, இந்த மருந்து வலிக்கு, அழாம குடிச்சிடணும்" என்று எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் மட்டும் எழுதி, 48 மணி நேரத்தில் குறையாவிட்டால் காட்டச் சொன்னேன். அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மறுநாள் சாயங்காலமே விளையாடப் போய்விட்டானாம்.

அதற்கு அடுத்த வாரம், அதிகாலை ஐந்தரைக்கு ஃபோன். "டாக்டர், அம்மாவுக்கு மூச்சை எண்ணிப் பார்த்தேன், 30 வருது. ரெண்டு தடவை எண்ணினேன்."

பேசியது ஆசிரியர், எண்ணியது அவருக்காக நான் எழுதிக்கொடுத்த அந்தத் தாளை வைத்து. தனக்கு எண்ணிப் பழகியவர், அம்மா ராத்திரி முழுக்க ஒரு மாதிரி மூச்சு விடுவதைப் பார்த்துக் கடிகாரத்தை எடுத்திருக்கிறார். உடனே அழைத்துவரச் சொன்னேன். அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், "ஒண்ணுமில்லப்பா, சளிதான்" என்று சொல்வதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார். காய்ச்சல் 38.6, நாடி 112, மூச்சு 30, ரத்த அழுத்தம் 104/62, ஆக்சிஜன் 91. கேள்விக்குப் பதில் தெளிவாகத்தான் சொன்னார், குழப்பமில்லை. வலது பக்கம் கீழே, முதுகில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அந்த நொறுநொறுப்பு, இருமச் சொன்னாலும் நகரவில்லை. குழப்பம், மூச்சு 30 அல்லது அதற்கு மேல், ரத்த அழுத்தம் தாழ்வது, வயது 65 அல்லது அதற்கு மேல் என்று நான்கையும் எண்ணுகிற மதிப்பீட்டில் இவருக்கு இரண்டு. இரண்டு வந்தால் வீட்டில் வைத்துப் பார்ப்பது சரியில்லை, ஆக்சிஜன் 91-ம் அதையேதான் சொன்னது. ஆஸ்பத்திரிக்குப் பேசி, ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்து அனுப்பினேன். எக்ஸ்ரேயில் வலது கீழ் நுரையீரல் வெள்ளையாக அடைத்திருந்தது. ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக், ஐந்தாம் நாள் வீட்டுக்கு.

இதில் எனக்கு ரொம்ப உறுத்தியது அதற்கு முந்தின வாரம். அந்த அம்மாவுக்கு இருமலும் காய்ச்சலும் தொடங்கி ஆறு நாள் ஆகியிருந்தது. ஏன் வரவில்லை? வீட்டு மருந்துப் பெட்டியில் அமாக்சிசிலின் 500 மி.கி. மாத்திரை ஒன்பது கிடந்திருக்கிறது, மகனுக்கு, அதாவது அந்த ஆசிரியருக்கு, இரண்டு வருஷம் முன்னால் கொடுத்ததில் மிச்சம். தினம் ஒன்று இரண்டு என்று ஐந்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். நல்ல மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையில் யாரிடமும் சொல்லவில்லை, காய்ச்சல் லேசாக இறங்கி ஏறியதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அளவும் பத்தாது, நாளும் பத்தாது, ஆனால் நாலு நாளைக் கடத்துவதற்கு அது போதுமாயிருந்தது.

அந்த மாத்திரையை எழுதியதும் நான்தான். கோப்பில் இருக்கிறது: மூக்கடைப்பு 4 நாள், முகத்தில் கனம், சைனஸ், அமாக்சிசிலின் ஏழு நாள். நான்காம் நாள் சைனஸ் அடைப்பு கிட்டத்தட்ட எப்போதுமே வைரஸ்தான், வைரஸ் சளியில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் பாக்டீரியா சைனஸாக மாறுவதில்லை. பத்து நாளுக்கு மேல் இறங்காமல் இருக்க வேண்டும், அல்லது தேறி வந்தது மறுபடி மோசமாக வேண்டும், அல்லது 39 டிகிரி காய்ச்சலோடு மூன்று நாலு நாள் சீழ் மாதிரி ஒழுக வேண்டும். இவருக்கு எதுவும் இல்லை. நான்காம் நாளே தேறிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டார், மிச்சம் பெட்டிக்குப் போனது. தேவையில்லாத சீட்டு ஒன்று இரண்டு வருஷம் கழித்து, அதே வீட்டில், தேவையிருந்த ஆளைத் தாமதப்படுத்தும் என்று எழுதும்போது யார் நினைப்பார்கள்? கிருமிகள் மருந்துக்குப் பெறுகிற எதிர்ப்புத்திறன் என்றால் எங்கோ ஆஸ்பத்திரித் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடப்பது என்றுதான் எங்களில் பலருக்கு மனசில் இருக்கிறது. 2019-ல் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவே நேரடிக் காரணமாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள், அது எனக்கும் படிக்கிற எண்ணாகத்தான் இருந்தது. இந்த அம்மா மூச்சு வாங்கியது எண்ணில்லை.

ஆறு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. அந்த வயதில் நிழல் போகாமல் நின்றால் வேறு நோய் தேட வேண்டும் என்பதால் அதைக் கட்டாயம் எடுக்கச் சொல்லியிருந்தேன். படத்தைக் காட்ட அம்மாவும் மகனும் சேர்ந்து வந்தார்கள். அவருடைய இருமல் இருபத்து மூன்றாம் நாள் நின்றதாம். மூன்று வாரம் தாண்டியும் வரவில்லையே என்று கேட்டதற்கு, கடைசி நாலு நாள் காலையில் மட்டும்தான் இருந்தது, அம்மாவை வேறு பார்க்க வேண்டியிருந்தது என்றார். தேர்வுப் பணிக்குப் போயிருக்கிறார், இருமிக்கொண்டேதான். சட்டைப் பையிலிருந்து டாக்சிசைக்ளின் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார், நாலாக மடித்தது, ஓரம் நைந்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் பையையும் வைத்தார், வீட்டில் மிச்சம் கிடந்த மாத்திரை எல்லாம் அதில் இருந்தது, அந்த நாலு அமாக்சிசிலினும் சேர்த்து.

அதற்கப்புறம் இருமலோடு வருகிற ஒவ்வொருவருக்கும் பதிவில் நாலு விஷயம் எழுதாமல் கோப்பை மூடுவதில்லை: எத்தனையாவது நாள், மூச்சு வீதம், நெஞ்சில் என்ன கேட்டது, அவர் எதை நினைத்துப் பயப்படுகிறார். கடைசிக் கேள்வியைக் கேட்க ஒரு நிமிடம் கூடுதலாக ஆகிறது. மாலையில் கடைசி ஆட்களிடம் அதைக் கேட்பது இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அதனால் அந்தத் தாளை முன்கூட்டியே அச்சடித்து மேஜை மேல் வைத்திருக்கிறேன், மூச்சை எப்படி எண்ணுவது என்பது அதில் முதல் வரி.